வண்டியைச் சூடேற்ற ஓர் இடம்

மார்கழிக் குளிரில் வண்டியை எவ்வளவு நேரம் ஓடவிட்டு எடுக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். அதற்கு எந்த மெக்கானிக்கும் பதில் சொல்வான், போனைத் தட்டினால் அதுவும் சொல்லும். எங்கே நிறுத்திச் சூடேற்றுவது என்று மட்டும் இதுவரை ஒருத்தன் என்னைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, கேட்காததைத்தான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போய் டீ குடிக்கலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

ரிடையர் ஆவதற்கு முன் கடைசியாக நான் ஓட்டியது கம்பெனி பஸ். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு முதல் ஷிப்டுப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. திருப்புலிவனம் தாண்டி உள்ளே போனால் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், சொன்னால் எவனாவது சண்டைக்கு வருவான். அங்கேதான் முதல் ஸ்டாப். அதனால் ராத்திரி வண்டி அங்கேயே நிற்கும், நானும் பின் சீட்டில் படுத்துக்கொள்வேன். என் வீடு பழையசீவரத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுச் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் விடியும் முன் கிளம்பி, உத்திரமேரூர் வந்து, பாலாற்றுப் பாலம் ஏறி, வாலாஜாபாத் வழியாக நேரத்துக்குத் தொழிற்சாலை கேட்டில் இருக்க வேண்டும். கேட் மூடினால் மூடியதுதான். பிள்ளைகளுக்கு அரை நாள் சம்பளம் போகும், அடிக்கடி இப்படி ஆனால் வேலையே போகும்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. வேன் ஓட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்த தம்பிகளுக்காகச் சொல்கிறேன். ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் காற்று இருந்தால்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிரேக் விடும். காற்று இல்லையென்றால் பூட்டியது பூட்டியபடி நிற்கும், எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. நல்ல வண்டியில் ராத்திரி விட்ட காற்று காலையிலும் ஓரளவு இருக்கும். என் வண்டியில் பின்பக்கம் ஒரு வால்வில் கசிவு. வெயில் காலத்தில் எப்படியோ தாங்கும். பனி இறங்கினால் ரப்பர் விறைத்துக்கொண்டு விடிவதற்குள் டேங்க் காலியாகிவிடும். அப்புறம் இஞ்சினை ஓடவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். அதுவரை காற்று போதாது என்று பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும். குளிர்ந்த டீசல் இஞ்சின் விடும் புகையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையாக, கண்ணைக் கரிக்கும். பனியில் மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் சீக்கிரம் ஏறாதா என்பீர்கள். ஏறும். ஆனால் எனக்குத் தொழில் பழக்கிய ஒரு லாரிக்காரர் இருந்தார். குளிர்ந்த இஞ்சினை மிதித்தால் பிடரியிலேயே ஒன்று வைப்பார். "தூங்கிக்கினு கீறவன எட்டி ஒதைச்சா எய்ந்து உனுக்கு கும்புடு போடுவானா? ஆயில் மேல ஏறட்டும்டா பேமானி!" அந்த மனிதரின் பெயர்கூட மறந்துவிட்டது, அடி மறக்கவில்லை. அதனால் காலையில் நான் மிதிக்க மாட்டேன். பொறுமையாக ஓடவிடுவேன்.

முதலில் வண்டியை நிறுத்தியது ஊருக்குள், பஜனை கோயில் பக்கத்துத் திடலில். எதிரே ஒரு மாடி வீடு. நெல்லும் கரும்பும் டிராக்டரும் காருமாக வசதியான குடும்பம். மார்கழி பிறந்த கையோடு, மங்கி குல்லாவும் சால்வையுமாக அந்த வீட்டுக்காரர் வந்து வண்டிக் கதவைத் தட்டினார்.

"இன்னா டிரைவரே, காத்தால காத்தால உயிர வாங்கிறீங்க? வூடு பூரா பொகை. கொயந்தைங்க தூங்க வேணாமா?"

"ஏர் லீக் இருக்குதுங்க. காத்து ஏறாம வண்டி நவுறாது. கொஞ்ச நேரந்தாங்க."

"அதெல்லாம் எனுக்கு இன்னாத்துக்கு? கொண்டும்போயி காலனி பக்கம் நிறுத்துங்க. தண்ணி டேங்க் ஆண்ட எடம் கீது. உங்க வண்டில ஏர்ற பொண்ணுங்க முக்காவாசி அங்கதான கீதுங்க?"

அவர் இதைச் சொல்லும்போது கோயில் குழாயில் ஊரே அதிரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது யார் தூக்கத்தையும் கெடுக்கவில்லை. என் இஞ்சின்தான் பேஜார். எங்கள் டிராவல்ஸ் முதலாளிக்கும் போன் போட்டுவிட்டார். அன்று மதியமே எங்கள் சூப்பர்வைசர் கூப்பிட்டான்.

"ஊர்க்காரங்க கிட்ட இன்னாத்துக்குய்யா வம்பு? காலனியாண்ட போட்டுடு."

"வால்வ மாத்திட்டா இந்தத் தொல்லையே இல்ல சார்."

"வண்டி ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப ஓட்டு."

இப்படித்தான் வண்டி காலனிக்கு வந்தது. தண்ணீர் டேங்குக்கு நேர் எதிரே சவரியின் வீடு. ஒற்றை அறை, ஓட்டுக் கூரை. சவரி கல் அரைக்கும் கிரஷரில் வருஷக்கணக்காகத் தூசியைத் தின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட ஆள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, பார்த்தால் எழுபது சொல்லலாம். படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவான். அவன் பெண்டாட்டி அமலி களை எடுக்க, நாற்று நடக் கூலிக்குப் போவாள். மகள் ஸ்டெல்லா என் வண்டியில் கம்பெனிக்கு வரும் பிள்ளை. அந்த வீட்டில் மாதா மாதம் தவறாமல் வந்தது அவள் சம்பளம் மட்டும்தான். சவரியின் மாத்திரையும் அவன் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தும் அதில்தான் வாங்கினார்கள்.

முதல் நாள் காலை எனக்கு இதெல்லாம் தெரியாது. வழக்கம்போலச் சாவியைத் திருப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். இஞ்சின் சத்தத்தையும் மீறி ஒரு இருமல் கேட்டது. இருமல் என்று அதைச் சொல்லக் கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் கிழிந்துகொண்டு வருகிற சத்தம். அமலி தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, ரவ ஆஃப் பண்ணுண்ணா! அவுருக்கு மூச்சு இய்க்குது!"

பதறிப்போய் ஆஃப் பண்ணினேன். ஏறியிருந்த கொஞ்சக் காற்றும் இறங்க ஆரம்பித்தது. பெண்பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் போனில் மணியைப் பார்த்தார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து ஸ்டெல்லாதான் வந்தாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வண்டிய போடுண்ணா. நேரமாவுது."

பெற்ற அப்பன் உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறான், மகள் வந்து வண்டியைப் போடச் சொல்கிறாள். அந்தப் பிள்ளையை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். போட்டேன்.

அன்றிலிருந்து வேறு இடம் தேடினேன். வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன், புகை எதிர் வீட்டுக்குப் போனது, அங்கே கைக்குழந்தை. ஏரிக்கரையில் நிறுத்தினால் சக்கரம் சேற்றில் இறங்கியது. மெயின் ரோட்டில் நிறுத்த முதலாளி விடவில்லை, டீசல் திருடிவிடுவார்களாம். காலனி வாலிபர்கள், "நாங்க வேணா தள்ளிக்கினு போறோம்ணா, அந்தாண்ட போயி ஸ்டார்ட் பண்ணு" என்றார்கள். நல்ல பிள்ளைகள். பூட்டிய வண்டி தள்ளினால் வராது என்று அவர்களுக்கு விளக்கவே ஒரு பொழுது போயிற்று.

பாக்கி இருந்தது ஊர்க் களம். சிமெண்டு போட்டு, பெரிய இடமாக, சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. சம்பா அறுப்பு தையில்தான், மார்கழி முழுக்க அங்கே ஆடுதான் மேயும். மாடி வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டேன், களத்துக்கு அவர் சொல்தான் சொல். திண்டில் சாய்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இட்லியை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"களத்துல ஆயிலு ஒயுகுமே டிரைவரே. நெல்லு கொட்ற எடம்."

"கீய தகரம் போட்டு நிறுத்திக்கிறேங்க. ஒரு சொட்டு ஒயுகாது."

"இன்னிக்கி வண்டி வரும், அப்பால வண்டில ஏர்றதுக்குன்னு அவங்க எல்லாம் வருவாங்க. வேணாம். ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."

அவங்க எல்லாம் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உங்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. "நீங்க எந்த ஊரு, யாரு வூடு?" என்று மட்டும் கடைசியில் என்னை விசாரித்தார். பழையசீவரம் என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் நிற்காமல் வந்துவிட்டேன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் அமலிதான். காலனிக் கோடியில் ஒரு சின்ன மாதா கோயில், முன்னால் தகரக் கூரை போட்ட இடம். "வண்டி போடறதுக்கு முன்ன கதவ ஒரு தட்டு தட்டுண்ணா. நாங்க அவர அங்க கொண்டும்போயி உக்கார வெச்சிடறோம்" என்றாள். அதுதான் நடைமுறையாகிவிட்டது. தினமும் விடியும் முன் எழுவேன், கதவைத் தட்டுவேன். அம்மாவும் மகளும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, போர்வையைச் சுற்றி, சவரியை நடத்திக்கொண்டு போவார்கள். அவன் நாலு எட்டு வைத்து நிற்பான், மூச்சு வாங்குவான், மறுபடி நடப்பான். அவன் போய் உட்கார்ந்துவிட்டான் என்று ஸ்டெல்லா டார்ச்சைக் காட்டுவாள். அப்புறம்தான் நான் சாவியைத் திருப்புவேன். சில நாள் என்னைக் கடக்கும்போது சவரி சிரிப்பான். "ராஜா ஊர்வலம் போறேன் டிரைவரே, பாத்துக்கோ" என்பான். எனக்குச் சிரிப்பு வராது.

தம்பிகளே, உயிரோடிருக்கும் ஒரு நோயாளியைப் பனியில் வெளியே நடத்திக்கொண்டு போனோம், ஒரு வால்வை மாற்றாமல் இருப்பதற்காக. ஒரு சீசன் முழுக்க. சர்வீஸுக்கு வண்டி போகும்போதெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "அடுத்த வாட்டி பாக்கலாம்" என்பான் சூப்பர்வைசர். வெயில் காலம் வந்தால் கசிவு குறைந்துவிடும். "பாத்தியா, தானா சரியாப்பூட்ச்சி" என்பான்.

அடுத்த மார்கழி வந்தது. போகி நெருங்கிய ஒரு நாள், பனி கொட்டித் தீர்த்தது. தண்ணீர் டேங்கின் தலையே தெரியவில்லை. கதவைத் தட்டினேன். அமலி திறந்தாள். அவள் பின்னாலிருந்து சவரியின் குரல் வந்தது.

"நான் வர்ல. வெளிய போனா பனி கொல்லுது, உள்ள கீனா பொகை கொல்லுது. எங்க கீனா இன்னா, நான் வூட்லயே கீறேன். நீ வண்டிய போடு டிரைவரே. பாப்பாவுக்கு நேரமாவுது."

அமலி எவ்வளவோ கெஞ்சினாள். அவன் அசையவில்லை. சாகும்வரை ஒவ்வொரு காலையும் வீட்டை விட்டு நடத்தப்படுவது எந்த ஆம்பிளைக்குத்தான் அலுக்காது? அவள் கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத் துண்டைச் செருகினாள். ஸ்டெல்லா வண்டியில் ஏறி, வீட்டுப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். காற்றே இல்லாத காலை அது. விட்ட புகை விட்ட இடத்திலேயே நின்று கெட்டியானது.

காற்று மீட்டரின் முள் பாதிகூட ஏறவில்லை, அமலியின் அலறல் கேட்டது. ஸ்டெல்லா என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே பாய்ச்சலாக இறங்கி ஓடினாள். நான் எட்டிப் பார்த்தபோது சவரி வாசற்படியில் சரிந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. காலனி முழுக்க ஓடி வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு ஒருவர் போன் போட்டார். அந்தப் பனியில் அது எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. மாடி வீட்டுக் காரைக் கேட்க ஒரு வாலிபன் ஓடினான். கதவு திறக்கவில்லை என்று திரும்பி வந்தான். தூக்கமாக இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். "ஆஃப் பண்ணுய்யா! வண்டிய ஆஃப் பண்ணுய்யா!"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆஃப் பண்ணினால் புகை நிற்கும், அதோடு வண்டியும் நின்றுவிடும். ஏறிய காற்று இறங்கிவிடும். அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அங்கே வேறு வாகனம் இல்லை. பைக்கில் உட்கார வைக்க முடியாது, தலை நிற்கவில்லை. வண்டி நகர வேண்டுமென்றால் காற்று ஏற வேண்டும், காற்று சீக்கிரம் ஏற வேண்டுமென்றால் மிதிக்க வேண்டும், மிதித்தால் இருப்பதைவிடப் பல மடங்கு புகை வரும். எந்தப் புகையால் அவன் விழுந்தானோ அதையே இன்னும் அதிகமாக விட்டால்தான் அவனை அங்கிருந்து எடுத்துப் போக முடியும். இப்படி ஒரு கேவலமான கணக்கை என் ஆயுசில் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

மிதித்தேன். லாரிக்காரர் இருந்திருந்தால் என்னை வெட்டியிருப்பார். இஞ்சின் அலறியது. ஒரு வாலிபன், "கொல்றியாடா!" என்று கத்திக்கொண்டு கட்டையால் என் பக்கத்துக் கண்ணாடியை அடித்தான். சில்லு என் மடியில் கொட்டியது. அவன் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் கண்ணாடியை அடித்திருக்க மாட்டேன், டிரைவரைத்தான் அடித்திருப்பேன்.

"தூக்கி உள்ள போடுங்க! கண்ணாடி எல்லாத்தையும் மூடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முதலில் புரிந்துகொண்டது ஸ்டெல்லாதான். அந்தத் தெருவில் புகை இல்லாத ஒரே இடம் வண்டியின் உள்பக்கம். "தூக்குங்கடி!" என்றாள். கூட வேலை செய்யும் பிள்ளைகள் இறங்கி ஓடி அவனைத் தூக்கி வந்து நடுவழியில் உட்கார வைத்தார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து அவனை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். "நைனா, இயுத்து உடு நைனா, இயுத்து உடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தேன். முள் ஊர்ந்தது. பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்தது. பாதிக் காற்றில் எடுத்தால் சக்கரம் தேய்ந்துகொண்டு போகும், கூட்ரோட்டில் பிரேக் பிடிக்காமல் போனால் வண்டியிலுள்ள அத்தனை பேரும் போவோம். அவசரத்தில் எடுத்துவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸர் நின்ற நொடியில் எடுத்தேன்.

வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பிள்ளைகள் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். திருப்புலிவனம் கூட்ரோட்டில் போனில் லைட் போட்டுக் கை காட்டினார்கள். நிறுத்தவில்லை. ஹார்னை அழுத்திப் பிடித்தபடி அவர்களைத் தாண்டிப் போனேன். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் சவரிக்கு ஆக்சிஜன் வைத்து, அவன் நெஞ்சு ஒரு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டுவந்த பிள்ளைகளை ஏற்றத் திரும்பினேன். அன்று கேட் மூடியிருந்தது. எல்லோருக்கும் அரை நாள் போயிற்று. ஒரு பிள்ளை இறங்கும்போது, "எங்களையும் நின்னு ஏத்திக்கினு போயிருக்கலாமேண்ணா" என்றாள். அவள் வீட்டுக் கஷ்டம் அவளுக்கு.

சூப்பர்வைசர் காத்துக்கொண்டிருந்தான்.

"யாருய்யா உன்ன ஆம்புலன்ஸ் ஓட்டச் சொன்னது? கண்ணாடிக்கு யார் பதில் சொல்றது?"

"வால்வ அன்னிக்கே மாத்தியிருந்தா இது எதுவும் நடந்திருக்காது சார்."

"அந்தாளு வியாதிக்காரன். உன் வண்டிப் பொகையாலதான்னு டாக்டரு சொன்னாரா?"

சொல்லவில்லைதான். எந்த டாக்டர் சொல்வார்? நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் மூச்சு இழுக்கிற அம்மா ஒருத்தி வீட்டில் இருந்தாள், எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

சவரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். ஆனால் தேறவில்லை. பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், நல்ல வெயிலில், வண்டி ஒரகடத்தில் நிற்கும்போது செத்துப்போனான். புகையே இல்லாத நேரத்தில் செத்ததால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லாமல் போயிற்று. எங்கள் டிராவல்ஸிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அடக்கம் முடிந்த கையோடு ஸ்டெல்லா வேலைக்கு வந்துவிட்டாள். லீவு போட்டு உட்கார அந்த வீட்டில் வசதி இல்லை. அதே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வருவாள். கதவைத் தட்டும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. ஆனாலும் காலையில் சாவியைத் திருப்பும்போது கை ஒரு கணம் நிற்கும்.

தை பாதியிலும் பனி விடவில்லை. காலனித் தெருவில் குழாய் போடப் பள்ளம் தோண்டினார்கள். வண்டி நிற்க இடமில்லை. வேறு வழியில்லாமல் பழைய திடலுக்கே, மாடி வீட்டுக்கு எதிரே, கொண்டுவந்து நிறுத்தினேன். மறுநாள் காலை இஞ்சினைப் போட்டேன். பழைய மங்கி குல்லா, பழைய சால்வை.

"மறுபடியும் இங்கயா? என் பேத்தி ஊர்லேர்ந்து வந்து கீது. ராவெல்லாம் இருமிக்கினு கெடக்குது. இந்தப் பொகைய இய்த்தா அது இன்னாத்துக்கு ஆவும்?"

"காலனில பள்ளம் தோண்டிட்டாங்க. வண்டிய நிறுத்த வேற எடம் இல்லீங்க. வால்வ மாத்தினா பொகையும் இல்ல, சத்தமும் இல்ல."

"அத மாத்தறதுக்கு இன்னா கேடு?" என்று கேட்டார். முதல்முறையாக அந்த மனிதர் சரியான கேள்வி கேட்டார். அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டார்.

அன்று மதியம் கம்பெனி பார்க்கிங்கில் நான் சாப்பிட்டுக் கை கழுவக்கூட இல்லை, மெக்கானிக் வந்துவிட்டான். பையிலிருந்து புது வால்வை எடுத்தான், வண்டிக்கு அடியில் படுத்தான், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்தான். நான் வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது, அவ்வளவு நேரம்தான். கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காண்ணா இத்தினி நாளு கஷ்டப்பட்டுக்கினு இருந்தீங்க?" என்றான். அவன் வெகுளியாகத்தான் கேட்டான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

மறுநாள் விடியற்காலை சாவியைத் திருப்பினேன். ராத்திரிக் காற்று அப்படியே இருந்தது. பஸ்ஸர் ஒரு தடவை சிணுங்கிவிட்டு அடங்கியது. இஞ்சினுக்கு ஆயில் ஏறும் மட்டும் காத்திருந்தேன், அது ஒரு நேரமே இல்லை. கொஞ்சம் புகை வந்தது, கலைந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். "இன்னாண்ணா, புது வண்டியா?" என்று கேலி செய்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடிண்ணா உடனே கெளம்பிட்ச்சி?"

"வால்வு மாத்திட்டாங்கம்மா."

"எப்போ?"

"நேத்து மதியம்."

"மாத்த எவ்ளோ நேரம் ஆச்சி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "ஒரு மணி நேரம்கூட ஆவலம்மா" என்றேன். அவள் கம்பியை விட்டாள். அப்புறம் போய் உட்கார்ந்தாள். கேட் வரும்வரை ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவில்லை.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வேலையை விட்டுவிட்டாளோ என்று பயந்துபோய் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகாமல் அமலியைத் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விடவில்லை, கூட்ரோடு வரைக்கும் நடந்து போய், ஷேர் ஆட்டோ பிடித்து, டவுன் பஸ் மாறிப் போகிறாள் என்றாள். அதற்காக இன்னும் முன்னாலேயே எழுந்திருக்கிறாளாம்.

"பாப்பாவுக்கு என் மேல கோவமாம்மா?" என்றேன்.

அமலி முறத்தைக் கீழே வைத்தாள்.

"உம்மேல இன்னாண்ணா கோவம். அவுரு மூச்சுக்குத் தவிக்கும்போதும் பாப்பா அந்த வண்டிலதான ஏறிக்கினு போச்சி. ரிப்பேர் பண்ண முடியாத வண்டி, நம்ம தலையெயுத்துன்னு நெனச்சிக்கினு ஏறிக்கினு இருந்திச்சி. இப்ப எப்பிடிண்ணா ஏறும்?"